தீப்பெட்டி அக்கா

“ஒரு துரும்பைக்கூட எரிக்காதீங்க! அத்தனையும் அடுப்பெரிக்கிற கேஸ்!” என்று வைக்கோலிலிருந்து எரிவாயு எடுக்கும் புது ஆலையின் கூட்டத்தில் எஞ்சினியர் மைக்கில் வாய் கிழியப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்தது.

அத்தனை தலைகளும் திரும்பின. புகையைப் பார்த்து அல்ல. கடைசி வரிசையில் இருந்த தீப்பெட்டி அக்காவைப் பார்த்து.

போன வருஷம் அறுவடை முடிந்ததும் அவள் வைக்கோலைக் கொளுத்தினாள். பாதி ஊர்தான் கொளுத்தியது. மாட்டிக்கொண்டது அவள் மட்டும். பேரும் ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை புகை கிளம்பினால் வாய்க்கால் தண்ணீரில் பங்கு கிடையாது என்று பாசனச் சங்கத் தலைவர் அப்போதே சொல்லிவிட்டார். தண்ணீர் போனால் அவளுக்குப் பிழைப்பே போயிற்று.

“ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உன் வயல்தானே?” என்றார் தலைவர்.

“நான் எரிக்கலைங்க. மொத்த வைக்கோலையும் நறுக்கி இங்கேயே கொண்டுவந்து கொட்டிட்டேன்.”

கையை விரித்துக் காட்டினாள். விரல்கடை அளவுக்கு நறுக்கினால்தான் எடுத்துக்கொள்வேன் என்று எஞ்சினியர் கறாராகச் சொல்லியிருந்தார். அரிவாள் பிடித்தே உள்ளங்கை தோலுரிந்து கிடந்தது. யார் பார்த்தார்கள்!

“கொட்டினது பாதி, கொளுத்தினது பாதியாக்கும்!”

முன்வரிசை சிரித்தது. தலைவர் பேசினால் சிரிப்பதற்கென்றே ஒரு முன்வரிசை எங்கேயும் இருக்கும்.

“சார், நீங்களாவது சொல்லுங்க. உங்க முன்னாடிதானே இறக்கினேன்?”

எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எத்தனையோ பேர் கொண்டுவர்றாங்கம்மா. எல்லார் முகமுமா ஞாபகம் இருக்கும்?”

அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஆலையைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருந்த விருந்தாளிகளில் ஒருவர் மெல்லக் கேட்டார். “நறுக்கின வைக்கோலைச் சுண்ணாம்புத் தண்ணியில ஊறப்போட்டாத்தான் இளகும், இளகினாத்தான் கேஸ் நிறைய வரும்னு சொன்னீங்களே... அந்த ஊறல் தொட்டியைப் பார்க்கலாமா?”

“அதுக்கென்ன, அப்புறம் பார்க்கலாம்” என்று அவசரமாக மைக்கை வைத்தார் எஞ்சினியர். “முதல்ல இந்தம்மாவைக் கையும் களவுமா பிடிப்போம். வாங்க!”

கூட்டம் கிளம்பியது. அவளும் பின்னாலேயே ஓடினாள். ஆகாதவன் எவனாவது வயலில் தீ வைத்துவிட்டானோ?

வெளியே வந்து பார்த்தால் அவள் வயல் வெறுமையாகக் கிடந்தது. புகை இந்தக் கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

எஞ்சினியரின் நடை தளர்ந்தது. விருந்தாளிகள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

கொல்லையில் ஊறல் தொட்டி இருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு குவியல் கொழுந்துவிட்டு எரிந்தது. ஓரத்தில் சிதறிக் கிடந்த வைக்கோலை அவள் குனிந்து எடுத்தாள். விரல்கடை அளவு. தன் கையால் நறுக்கியது அவளுக்கா தெரியாது?

“இது... யாரு இதை...?” என்று எஞ்சினியர் இழுத்தார்.

கையில் கம்போடு வாட்ச்மேன் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து சல்யூட் அடித்தான்.

“நீங்க சொன்னபடியே சார்! விருந்தாளிங்க கண்ணுல படுறதுக்குள்ள எல்லாத்தையும் காலி பண்ணிட்டேன். ஒரு துரும்புகூட மிச்சமில்ல!”