மூன்று பத்தும் ஏழு மணியும்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, காற்று அடிக்கிறது, அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள். தலையைக் கொண்டுபோகாமல் தொப்பி வாங்கப் போன இரண்டு பெண்களின் கதை சொல்கிறேன். இதை இதுவரை யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை.

நாற்பத்தாறாம் வருஷம். மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு பழைய சாமான் கடை. ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன கோட்டும் குடையும் அங்கே குவிந்து கிடந்தன.

கடைக்காரி அஃப்சருன்னிசா பீவி, வந்த இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“தலை எங்கம்மா? தலையை ஊட்ல வுட்டுட்டு தொப்பி வாங்க வந்துகீறீங்களே!”

ஐரின் சிரித்துவிட்டாள். துணைக்கு வந்த ஃப்ளோராவும் சிரித்தாள்.

விஷயம் இதுதான். சாந்தோமில் மாதா கோயிலுக்கு ஆர்மோனியம் வாசிக்கிற காஸ்பர் வாத்தியார், மேற்படிப்புக்குச் சீமைக்குக் கப்பலேறப் போகிறார். லண்டனில் ஆபீஸ் போகிறவர்கள் எல்லோரும் கவிழ்த்த கிண்ணம் மாதிரி பவுலர் தொப்பி போடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். நம் வாத்தியார் மட்டும் வெறுந்தலையோடு நடப்பதா?

கோயில் பாட்டுக் குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்ந்தது பதினொரு ரூபாய். மவுண்ட் ரோட்டில் புதுசு முப்பதுக்குக் குறையாது.

அவருக்குத் தெரியாமல் வாங்க வேண்டும். தலைக்குச் சரியாக உட்காரவும் வேண்டும். எங்கள் கோயில் வாசலில் அடிக்கிற கடல் காற்று, தொளதொளத்த எதையும் விட்டுவைக்காது.

அவரிடம் முன்பு ஒரு தொப்பி இருந்தது. பூசை நேரத்தில் அதைக் கழற்றி ஆர்மோனியத்தின் மேல் மல்லாத்தி வைப்பார். பின்னால் நின்று பாடுகிற ஐரினுக்கும் மற்றவர்களுக்கும் கை எட்டுகிற தூரம். நாற்பத்து மூன்றாம் வருஷ வெள்ளத்தில் அது ஊறிப் பிய்ந்து போயிற்று. அதற்கப்புறம் அவர் தலையில் எதுவும் ஏறவில்லை.

“பெரிய தலையா, சின்னத் தலையா?” என்றாள் பீவி.

ஃப்ளோரா இரண்டு கைகளையும் காற்றில் வளைத்துக் காட்டினாள். பீவி அந்த வளையத்தை எட்டிப் பார்த்தாள்.

“இது தலையா, பலாப்பழமா?”

ஐரின் தெருவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து செபமாலையை எடுத்தாள்.

பத்துப் பத்தாகக் கோத்த மர மணிகள். முதல் தொப்பிக்குள் விளிம்பை ஒட்டி மாலையைச் சுற்றினாள். மூன்று பத்திலேயே சுற்று முடிந்துவிட்டது. நெற்றியைக் கடிக்கும் என்று தள்ளி வைத்தாள்.

அடுத்தது நாலு பத்தைத் தாண்டியது. அது காதில் தொங்கும்.

மூன்றாவது, கறுப்பு. சுண்டினால் சுட்ட பானை மாதிரி சத்தம். வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒரு பூச்சி ஓட்டை இல்லை. உள்ளே மெத்தென்று தோல் பட்டை.

மாலை சுற்றி வந்தது. மூன்று பத்து. பிறகு ஒவ்வொரு மணியாக, ஏழு. ஏழாவதில் ஐரினின் கட்டைவிரல் தானாக நின்றது.

ஃப்ளோரா அந்த மணியைப் பார்த்தாள். மற்றதெல்லாம் கறுத்திருக்க, அது ஒன்று மட்டும் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து வெளுத்திருந்தது.

பீவியும் பார்த்தாள்.

“உன் ஊட்டுக்காரராம்மா?”

ஐரினின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது. இல்லை, எங்கள் வாத்தியார் என்றாள். ஃப்ளோரா திரும்பிக்கொண்டு ஒரு குடையை விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள்.

“ஊட்டுக்காரருக்குன்னா பதினாலு ரூபா. வாத்தியாருக்குன்னா பதினொண்ணு, எடுத்துனு போ” என்றாள் பீவி.

லஸ்ஸிலிருந்து கோயில் வரைக்கும் ஐரின்தான் அதைத் தூக்கி வந்தாள். இரண்டு கையாலும், நிறைந்த கிண்ணத்தைத் தூக்குகிற மாதிரி. ஃப்ளோரா ஓர் எட்டுப் பின்னால் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வாசலில் எல்லோரும் சுற்றி நிற்க, காஸ்பர் வாத்தியார் தொப்பியைத் தலையில் வைத்தார்.

கடல் காற்று வந்தது. பெண்களின் முக்காடெல்லாம் பறந்தது. தொப்பி அசையவில்லை.

“அடேயப்பா, அளவு எடுத்தது யாரு?” என்றார்.

ஐரின் நிமிரவில்லை. கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினாள்.

“வேற யாரு வாத்தியாரே? உங்க வீட்டம்மாதான்” என்று ஃப்ளோராவைக் கை காட்டினாள்.

ஃப்ளோரா ஆமாம் என்று தலையாட்டினாள்.

அந்த ஃப்ளோரா நான்தான், கண்ணுகளா. இத்தனை நேரம் யாரோ மாதிரி சொல்லிவிட்டேன். கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியும் அவர் தலையின் அளவு தெரியாதவள் என்று சொல்லிக்கொள்ள, இந்த வயசிலும் வெட்கமாக இருக்கிறது.

நான் தலையாட்டியபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் கெடுக்கவில்லை. ஐரினும் கெடுக்கவில்லை.

மறுநாள் காலை அவர் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் என் செபமாலையை அவர் தலையில் சுற்றிப் பார்த்தேன். என்ன இது என்று சிரித்தார். என் மணிகள் அவளுடையதைவிடச் சின்னவை. நாலு பத்தும் இரண்டு மணியும் வந்தது.

அந்த இரண்டாவது மணி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் அவளுடையது மாதிரி வெளுக்க மாட்டேன் என்கிறது.

போய் வாருங்கள். உங்கள் வீட்டில் இருக்கிறவர்களின் அளவு உங்கள் விரலுக்கே தெரிந்திருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து, கழற்றிய தொப்பியை உங்கள் வாசல் ஆணியிலேயே மாட்டட்டும்.