தள்ளுவதற்கு ஆள்

“வருசத்துக்கு ஒருவாட்டி ஏரிச் சேத்துல எறங்குற ஜீப்பு. முன்னாடி சாதா டிஃபரன்ஷியலே போதும் சார். லாக் வச்சது போட்டா ஸ்டியரிங் கனமாயிடும்” என்றான் மண்ணூர்பேட்டை மெக்கானிக் வேம்புலி.

“ஆகட்டும். சேத்துல ஒண்ணு வழுக்கினாலும் முன் சக்கரம் ரெண்டும் சேர்ந்தே சுத்தணும்” என்றார் உத்தமன். “கல்யாணமான புதுசுல, எழுபத்தஞ்சுல, செம்பரம்பாக்கம் ஏரியில மாட்டிக்கிட்டோம். என் சம்சாரம் லோகநாயகி புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே தள்ளினா. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அவதான் தள்ளுவா. இனிமே தள்ள அவ வரமாட்டா.”

வேம்புலி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். “லாக் வச்சதே போட்டுர்றேன் சார்.”

வண்டி எடுக்க உத்தமனோடு ஓர் அம்மாள் வந்தாள். நேராகப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

“இவங்க யாரு சார்?”

“லோகநாயகிதான். லைசென்ஸ் வாங்கிட்டா. இனிமே அவ ஓட்டுவாளாம், நான் தள்ளணுமாம். என் முட்டி தாங்குமா, நீயே சொல்லு.”