ஒருமனதாக முதலிடம்

அறக்கட்டளை நடத்தும் ஐந்து பேரை, நிபுணர்கள் என்று இராமநாதபுரம் விடுதியொன்றில் உட்காரவைத்திருந்தார் சிங்கப்பூர் நன்கொடையாளர்.

"சொந்த ட்ரஸ்டுக்கு மார்க் போடக் கூடாது. இந்த மாவட்டப் பட்டியல்ல இருக்கிற மத்ததுல முதலிடம் எதுக்கோ, அதுக்கே என் பணம்."

அந்தப் பணம் வராவிட்டால் சேதுபதி தன் பனை வளர்ப்பு அறக்கட்டளையை இழுத்து மூட வேண்டியதுதான். பலமாக யோசித்து, திருப்பாலைக்குடி மூக்கையாவின் அறக்கட்டளைக்கு நூறு போட்டார்.

"அஞ்சு நிபுணர்களும் மூக்கையாவுக்கே நூறு!" நெகிழ்ந்துபோன நன்கொடையாளர், எல்லோருக்கும் கேட்கும்படி மூக்கையாவுக்குப் போன் போட்டார்.

"பரோட்டா எத்தனை செட்டுங்க?"

"ட்ரஸ்ட்...?"

"அதை மூடித்தானே கடை போட்டேன்!"

ஐவரில் ஒருத்தியான தேவிபட்டினம் கனகலட்சுமி சேதுபதியிடம் கிசுகிசுத்தாள். "ஏண்ணே, மூடுன ட்ரஸ்டுக்கா நூறு போட்டீக?"

"உனக்குப் போட்டா நீ ஜெயிச்சிருவியே தாயி. நீ ஏன் போட்டே?"

"எனக்கும் அதே நிபுணத்துவந்தாண்ணே."