ஏசுவதற்கு ஓர் ஆள்

எங்கள் கேலரியில் ஏன் சத்தம் எழவில்லை என்று யாருக்கும் பிடிபடவில்லை. எதிரணியின் மருதகாசி கபடியிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்த அன்று வெடி போட்டுக் கொண்டாடியவர்கள்தாம் நாங்கள். மேளம் அடித்து எங்களைக் கத்தவைக்கும் சூசை அண்ணன் தாளத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். சத்தம் உண்டாகும் விதம் எளிமையானது. மருதகாசி ரெய்டு வரக் காலைத் தூக்குவார். அந்தக் காலைப் பார்த்து எங்கள் ஊரின் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே நொடியில் தொடை தட்டி ஏசும். இப்போது இரண்டு தெருவும் ஒன்றையொன்று பார்த்தன.

"என்னலே முறைக்க?"

"ஒங்க தெருவத்தாம்லே."

சிலர் குனிந்து கல் பொறுக்கினார்கள். மருதகாசி ஆட வருவதற்கு முன்பு இப்படிப் பார்த்துக்கொண்ட ஒரு நாளில்தான் சூசை அண்ணனின் தம்பியைப் புதைத்தோம். அவர் மேளத்தைக் கீழே வைத்தார்.

"அந்த மருதகாசி வீடு எங்கன இருக்கு? போய்க் கூட்டிட்டு வாங்கலே."

அடுத்த ஆட்டத்தன்று கோட்டுக்கு வெளியே, எங்களுக்கு நேர் எதிரே, ஒரு நாற்காலி போட்டோம். மருதகாசியை அதில் உட்காரவைத்து, எழுந்துவிடாதபடி இடுப்பைத் துண்டால் சேர்த்துக் கட்டினோம். இரண்டு தெருவும் ஒரே குரலில் ஏசத் தொடங்கின.