ஓடட்டும் அந்தப் பெட்டி

படுக்கையறை அலமாரியில் புது சர்வரை வைத்த கணவன், எட்டு வருடமாக வீட்டுப் போட்டோக்களைச் சேமித்துவந்த பழைய ஸ்டோரேஜ் பெட்டியைக் கழற்றப் போனான்.

"அதை ஏங்க கழட்டுறீங்க?" என்று பதறினாள் மனைவி.

"அதான் புதுசு வந்தாச்சே. இதோட ஃபேன் வேற கடகடன்னு உயிரை வாங்குது."

"சர்வர் படுத்துட்டா பிள்ளைங்க போட்டோ எல்லாம் போயிடாதா? இதுல ஒரு காப்பி இருக்கட்டும். பக்கத்துலயே ஓடட்டும்."

அவன் அசந்துபோனான். பேக்கப்பின் அருமையை ஆபீஸில் மேனேஜருக்கே புரியவைக்க முடியவில்லை. இவளுக்குப் புரிந்திருக்கிறதே! அன்றே பெட்டியை பேக்கப்புக்கு மாற்றினான். பார்த்தவர்களிடமெல்லாம் மனைவியின் புத்திசாலித்தனத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான்.

அடுத்த வாரம் அவளுடைய பிறந்தநாள். அவளுக்குத் தெரியாமல், பெட்டிக்குச் சத்தமே வராத புது ஃபேன் ஒன்றை வாங்கி மாட்டினான்.

மறுநாள் காலை கண்கள் சிவக்க வந்து நின்றாள் மனைவி.

"பெட்டியை என்ன பண்ணீங்க?"

"புது ஃபேன் போட்டேன். இனிமே நீ நிம்மதியா தூங்கலாம்."

"எங்க தூங்குறது? எட்டு வருஷமா அந்தச் சத்தம்தாங்க உங்க குறட்டையை அமுக்கிட்டிருந்துச்சு. மரியாதையா பழைய ஃபேனையே மாட்டுங்க!"