வாளிக்குள் ஒரு சுழி

வாக்குகள் போட்ட வாளிக்குள் கையை விட்டு லெஸ் முதல் துண்டை எடுத்தபோதுதான் விக்னராஜாவுக்கு நினைவு வந்தது.

தன் வாக்குத் துண்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டான்.

வேண்டுமென்று போடவில்லை. பேனா தாளில் பட்டால் முதலில் அதுதான் விழும். ஏடு தொடக்கிய நாளிலிருந்து வந்த பழக்கம். யாழ்ப்பாணத்தில் பரீட்சைத் தாளுக்குப் போட்டான். எழுபத்து மூன்றில் சிட்னிக்கு வந்த பிறகு, பொட்டனியில் இந்தப் பெயின்ற் தொழிற்சாலை ஸ்ரோரில் எழுதுகிற சிட்டை ஒவ்வொன்றுக்கும் போடுகிறான்.

இயந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். வாக்குப் போட்ட முப்பத்தொன்பது பேரும் வாளியைச் சுற்றி நின்றார்கள். மனேஜர் டோசன் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

கேள்வி சின்னதுதான். கப்டன் குக் வந்திறங்கிய நாளென்று ஏப்ரல் இருபத்தொன்பதில் தொழிற்சாலை விடும் லீவு தொடர வேண்டுமா? யெஸ் அல்லது நோ.

அதைக் கிளப்பியவன் ஸ்ரோரில் விக்னராஜாவோடு வேலை செய்யும் லெஸ்தான். பக்கத்தில் லா பெரூஸில் பிறந்தவன்; இந்த மண்ணின் பழங்குடி. குக்கின் ஆட்கள் கரையேறும்போதே அவனுடைய சனத்தை நோக்கிச் சுட்டார்கள். “வேறு எந்த நாளையும் தரட்டும். அந்த நாளில் நான் என்னத்தைக் கொண்டாடுவது?” என்று ஆளாளாய்ப் போய்க் கேட்டான். நோ போடுவதாக விக்னராஜாவும் கையடித்துக் கொடுத்தான். மனதாரத்தான் கொடுத்தான்.

அது போன கிழமை.

நேற்று டோசன் அவனைக் கூப்பிட்டார். மனைவி சிவனேஸ்வரியை இங்கே எடுப்பிக்க வேலையிடத்துக் கடிதம் ஒன்று வேண்டும். மூன்று மாதமாய்க் கேட்டுக்கொண்டிருந்தான். மேசையில் அது ரைப் அடித்தபடி கிடந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

“குக் நாள் லீவு நான் வந்த நாளிலிருந்து இருக்கிறது, அது போகக்கூடாது. வாக்கெடுப்பு முடியட்டும், பார்ப்போம்,” என்றார் டோசன், சிரித்துக்கொண்டே.

சிவனேஸ்வரியின் கடைசிக் கடிதம் இப்போதும் அவன் சட்டைப்பையில் இருந்தது. ‘இன்னும் எத்தினை மாதமப்பா? அந்தத் துரையை இன்னொருக்காக் கேட்டுப் பாருங்கோவன்.’

பாவம், மனுசன் என்னதான் செய்வான்? என்ன செய்தான் என்பது அவனுக்கும் வாளிக்கும் மட்டுமே தெரியும். இரகசிய வாக்கு என்ற தைரியத்தில்தான் எழுதினான். அதைத்தான் இந்தச் சுழி கெடுத்துவிட்டது.

அவன் எழுதும் சிட்டையெல்லாம் டோசனின் மேசைக்குத்தான் போகிறது. போதாததற்கு, சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் லெஸ் சுழியைக் காட்டிக் கேட்டபோது, எங்களுடைய சாமி, தொடங்கிய காரியம் தடையில்லாமல் முடியப் போடுவது என்று பெரிய விளக்கம் வேறு கொடுத்திருந்தான்.

தொழிற்சங்கம் எண்ணுவதற்கு லெஸ்ஸை விட்டிருந்தது. யெஸ். நோ. நோ. யெஸ். சுழியில்லாத ஒவ்வொரு துண்டுக்கும் விக்னராஜாவுக்கு மூச்சு வந்தது. அடுத்த துண்டுக்குப் போனது.

பத்தொன்பது யெஸ். பத்தொன்பது நோ.

வாளிக்குள் ஒன்றே ஒன்று மிச்சம்.

லெஸ் அதை விரித்தான். மற்றவற்றைவிட அதிக நேரம் பார்த்தான். எழுத்தை அவன் பெருவிரல் மறைத்திருந்தது. சுழி மட்டும் வெளியே தெரிந்தது.

டோசன் கழுத்தை நீட்டினார். இத்தனை நாளும் சிட்டைகளை அவர் பார்க்காமலேதான் கையெழுத்து வைத்திருக்கிறார் போலிருந்தது. “மேலே என்ன கிறுக்கல் அது? அடையாளம் இருந்தால் செல்லாது. எறி.”

செல்லாதென்றால் சமம். சமமென்றால் இன்னொரு வாக்கெடுப்பு. எறியட்டும், எறிந்துவிடட்டும் என்று விக்னராஜா அந்தப் பிள்ளையாரையே மன்றாடினான்.

லெஸ் எறியவில்லை.

“கிறுக்கல் இல்லை, மிஸ்டர் டோசன். இது ஒருவனுடைய சாமி. செல்லும்.”

யார் பக்கமும் திரும்பாமல் பெருவிரலை எடுத்தான். மற்ற முப்பத்தெட்டையும் வாசித்த அதே குரலில் வாசித்தான்.

“யெஸ்.”

தொடங்கிய காரியம் தடையில்லாமல் முடிந்தது.