கரை தெரியாத படம்

"மெழுகுதிரியைக் கொளுத்து. கொளுத்திப்போட்டு நான் சொல்லுற மாதிரிச் சத்தியம் பண்ணு."

செவ்வாய்க்கிழமைப் பூசை முடிஞ்சு சனம் கலையிறதுக்கிடையிலை, அந்தோனியார் சுருவத்துக்கு முன்னாலை றோயை மறிச்சு வைச்சிருந்தார் இன்னாசித்தம்பி.

கோவம் வராமல் இருக்குமே? கடலுக்கடியிலை ஒரு கல்லுப்பார். கலவாயும் விளைமீனும் குடியிருக்கிற இடம். தகப்பன் கண்டுபிடிச்சு, சாகேக்கை இன்னாசித்தம்பிக்கு மட்டும் சொன்னது. அவர் அதைக் கட்டின பெண்சாதிக்குக்கூடச் சொல்லேல்லை. அவர்ரை படகிலை கூடப் போற றோய்க்குத்தான் தெரியும். இப்ப ரெண்டு கிழமையாய் அந்தப் பாருக்கு மேலை முன்பின் தெரியாத படகுகள் ஏழெட்டு நிக்குது. பார் வழிச்சுத் துடைச்ச சட்டி மாதிரிக் கிடக்குது.

ரெண்டே பேருக்குத் தெரிஞ்ச இடம். ஒருத்தர் இவர். அப்ப மற்றது ஆர்? இதுக்குச் சாத்திரம் பாக்கவேணுமே?

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. காட்டிக் குடுத்தவன்ரை கை விளங்காமல் போகட்டும். இவ்வளவுந்தான். சொல்லு."

றோய் திரியைக் கொளுத்தினான். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" எண்டான். பிறகு வாயை மூடிக்கொண்டு நிண்டான்.

"மற்றப் பாதி?"

"அதைச் சொல்ல மாட்டன், அண்ணை."

பிறகென்ன, சனம் குசுகுசுக்கத் தொடங்கியிட்டுது. மடியிலை கனமிருந்தால்தானே வழியிலை பயம். இன்னாசித்தம்பிக்கு உச்சி கொதிச்சது. நாலு வருசம் ஒரு கோப்பையிலை திண்டவன். அவனுக்குக் கலியாணம் பேசி, முன்னுக்கு நிண்டு செய்து வைச்சதே இவர்தான். நன்றிகெட்டவன்.

"அப்ப நான் சொல்லுறன்" எண்டு வலக்கையைத் தூக்கினார். "அந்தப் பாரைக் காட்டிக் குடுத்தவன்ரை கை விளங்காமல் போகட்டும். நாளையிலையிருந்து என்ரை படகிலை நீ கால் வைக்கக் கூடாது."

காட்டிக் குடுத்தவன் எண்டு பேர் விழுந்தால் குருநகரிலை வேறை ஆர் படகிலை ஏத்துவினம்? றோயின்ரை மனிசி ஷெரோனுக்கு இது எட்டாம் மாசம். வீட்டை வந்தாப்பிறகு இன்னாசித்தம்பியின்ரை பெண்சாதி அற்புதராணியும் புருசனுக்கு அதைத்தான் சொன்னா, ஒரு பிள்ளைத்தாச்சி வீட்டு அடுப்பை அணைக்காதேங்கோ எண்டு. துரோகிக்கு வக்காலத்து வாங்காதை எண்டு அவவின்ரை வாயை அடைச்சுப்போட்டு, இன்னாசித்தம்பி போனை எடுத்துக்கொண்டு மகளிட்டைப் போனார். அந்தப் பாரிலை முந்தி எப்பிடி மீன் பட்டது எண்டு பழைய படங்களையும் சேர்த்து, நடந்ததை ஊர்க் குழுவிலை எழுதிப் போடவேணும். உவன்ரை முகத்திரையை உலகம் முழுக்கக் கிழிக்கவேணும்.

லவீனா படிக்கிறது கணினி. படங்களைப் பாத்துக்கொண்டு போனவள் ஒண்டிலை நிண்டாள்.

"அப்பா, உதை எப்பிடி லெனாட் மாமாவுக்கு அனுப்பினனீங்கள்?"

வாட்ஸ்அப்பிலைதான். சாதாரணமாய் அனுப்பினால் மங்கலாய் இருக்கு, டொக்கியூமென்ராய்ப் போடுங்கோ அத்தான் எண்டு பிரான்சிலை இருக்கிற மச்சான் கேட்டது, இவர் அப்பிடியே போட்டது, அவர் அதை ஊர்க் குழுவுக்கு அனுப்பினது, முந்நூறு பேர் பாத்து மெச்சினது எல்லாத்தையும் பெருமையாய்ச் சொன்னார்.

இடம் தெரியவரும் எண்டு யோசிக்கேல்லையோ எண்டு அவள் கேக்க, இன்னாசித்தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அவரென்ன விசரனே? கரையிலை ஒரு பனை, ஒரு கோபுரம் தெரிஞ்சால் காணும், கடலுக்குப் போறவன் இடத்தைக் கணிச்சுப்போடுவான். அதாலை முதுகுப்பக்கம் வெறும் கடலும் வானமும் வாறமாதிரித்தான் எப்பவும் படம் எடுப்பிக்கிறவர்.

லவீனா படத்தை மேலை தள்ளினாள். கீழை ஒரு வரைபடம் வந்தது. முழுக்க நீலக் கடல். நடுவிலை ஒரு சிவப்புப் புள்ளி.

"படத்திலை தெரியாது, அப்பா. படத்துக்குள்ளை எழுதிக் கிடக்கு. எந்த இடம், எத்தினை மணி எண்டு போன் தானாய் எழுதிப்போடும். வாட்ஸ்அப்பிலை சும்மா படமாய் அனுப்பினால் அது கூடப் போகாது. டொக்கியூமென்ராய்ப் போனால் அப்பிடியே போகும். முந்நூறு பேரிலை ஆரோ ஒருத்தன் திறந்து பாத்திருக்கிறான்."

இன்னாசித்தம்பி போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சார். அந்தப் புள்ளி நிண்ட இடம் அவருக்குத் தெரியாத இடமே?

"ஆனால் கடைசி நாலு படத்திலை இடம் இல்லை. ஆரோ கமராவிலை லொக்கேசனை நிப்பாட்டியிருக்கினம். நீங்களோ?"

லொக்கேசன் எண்டால் என்னெண்டே அவருக்குத் தெரியாது. கடலிலை அவர்ரை போனைத் தொடுற ஆள் ஒருத்தன்தான். இவர் மீனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பார், படம் எடுக்கிறது றோய். அந்தக் கடைசி நாலு படமும், பார் பறிபோனாப்பிறகு ரெண்டு பேருமாய்ப் புது இடம் தேடிப் போய் எடுத்தது.

சேட்டுக்கூடப் போடாமல் றோய் வீட்டை ஓடினார். படலையடியிலை நிண்ட ஷெரோன் அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளை போனாள். றோய் முற்றத்திலை இருந்தான்.

"தெரிஞ்சுகொண்டு ஏன்ரா அவ்வளவு சனத்துக்கு முன்னாலை பேச்சு வாங்கிக்கொண்டு நிண்டனீ? மற்றப் பாதியையும் சொல்லியிருந்தால் உன்ரை பேர் தப்பியிருக்குமே."

றோய் எழும்பி நிண்டான்.

"சொல்லியிருக்கலாம், அண்ணை. சொன்னால் அந்தச் சாபம் உங்கடை கைக்கெல்லோ வரும்."